கிழிக்கக்கூடாத முதல் தாள்

நான் படித்தது பி.எஸ்ஸி. கணிதம். செய்த வேலை, அச்சடித்த தாளைச் சன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகிற வழியில், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில், எண்பதுகளின் கடைசியில் இதுதான் என் உத்தியோகம். யாராவது கேட்டால் “கம்ப்யூட்டர்ல இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் இருக்கிற மரியாதையும் போய்விடும்.

அப்போது கம்ப்யூட்டர் எல்லோரிடமும் கிடையாது. திருமுடிவாக்கத்துப் பட்டறைக்காரர்கள், கடைக்காரர்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் தங்கள் விவரங்களைக் கட்டாகக் கொண்டுவந்து எங்களிடம் கொடுப்பார்கள். நாங்கள் அதை மிஷினில் ஏற்றி ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுப்போம். வெறும் தாளில் அடிப்பது பெரிய வித்தை இல்லை. கட்டங்களும் தலைப்புகளும் அச்சகத்திலேயே போட்டு வந்த ஃபாரங்களில் அடிப்பதுதான் தொல்லை. பெயர் பெயருக்குரிய கட்டத்தில் விழ வேண்டும், எண் எண்ணுக்குரிய கட்டத்தில் விழ வேண்டும். ஒரு வரி நகர்ந்தால் போதும், பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் ரத்த வகை உட்கார்ந்திருக்கும்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வேலையானாலும் முதலில் ஒரு ஃபாரத்தில் எழுத்து வரும் இடமெல்லாம் எக்ஸ், எண் வரும் இடமெல்லாம் ஒன்பது என்று அடித்துப் பார்ப்போம். அதை நான் சன்னல் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில், ஸ்கேலால் அளந்து, காகிதத்தை இப்படி அப்படி நகர்த்திச் சரிசெய்வேன். பிறகு அந்த முதல் தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நிஜ வேலையை ஆரம்பிப்போம். இதற்கு அலைன்மெண்ட் பார்ப்பது என்று பெயர். அந்த முதல் தாளைக் கிழிக்காமல் எந்த வேலையும் அங்கே தொடங்கியது கிடையாது. ஒரே ஒரு நாளைத் தவிர.

பிரிண்டர் அலமாரி உயரத்துக்கு நிற்கும். மூடியைப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவோம். திறந்து வைத்தால் பேசுவது காதில் விழாது. அதன் முன்பக்கத்தில் வரிசையாகச் சில பொத்தான்கள். அதில் ஒன்று, வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதற்கானது. அமுக்காமல் இருந்தால் அங்குலத்துக்கு ஆறு வரி. அமுக்கினால் எட்டு வரி. அமுக்கியிருக்கிறது என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். வெறும் தாளில் காகிதத்தை மிச்சம் பிடிக்க எட்டு, ஃபாரங்களுக்கு எப்போதும் ஆறு. அந்த ஒரு நாளைத் தவிர, அந்தப் பொத்தானைப் பார்க்காமல் நான் மூடியை மூடியதில்லை.

முதலாளியை எல்லோரும் சார் என்போம். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அந்தப் பக்கமெல்லாம் அவர்கள் குடும்பத்து நிலம். காலனிகள் வந்தபோது மனை மனையாக விற்றுவிட்டு, ரோட்டைப் பார்த்த ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு கட்டடம் கட்டினார். கீழே கடைகளை வாடகைக்கு விட்டு, மாடியில் கம்ப்யூட்டர் வைத்தார். மிஷினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆட்களைப் பேசி வேலை பிடித்து வருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

மிஷினுக்குத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் புரோகிராமர். ஏசி அறையின் மூலையில் கைப்பிடி வைத்த சுழல் நாற்காலி ஒன்று அவருக்கு. எங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஸ்டூல். அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, தீபாவளிக்குள் போய்விடுவதாகச் சொன்னபோது, சார் என்னைக் கூப்பிட்டார்.

“நீதான் கோபால் எல்லாம் படிச்சிகினு கீறியே, அந்த சீட்ல நீயே உட்காரு. வெளியிலேர்ந்து ஆள் வேணாம்” என்றார்.

நான் படித்துக்கொண்டிருந்தது கோபால் இல்லை, கோபால் மாதிரி ஒலிக்கிற கோபோல் என்கிற கம்ப்யூட்டர் மொழி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. நாற்காலி கிடைக்கிற நேரத்தில் உச்சரிப்பைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து காலாண்டுப் பரீட்சையின் ரேங்க் கார்டு வேலை புதிதாக வந்திருந்தது. “அத நீயே எழுது. அது சுத்தமா வந்துச்சுன்னா விஜயதசமியிலேர்ந்து சீட்டு உன்னுது” என்றார்.

அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் இரக்கமாக இருக்கிறது. கட்டம் போட்ட பெரிய தாளில், எந்த வரியில் பெயர், எந்த வரியில் தமிழ், எந்த வரியில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், கீழே மொத்தம், அதற்கும் கீழே ரேங்க் என்று பென்சிலால் போட்டுப் போட்டு அழித்தேன். வண்டலூரிலிருந்து வருகிற ரயிலில் மடியில் விரித்து வைத்துப் பார்ப்பேன். வீட்டில் அப்பா, அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு ரகசியம் தங்காது. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் “என் பொண்ணு புரோகிராமர் ஆயிட்டா” என்று அடுத்த நாளே சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஃபாரத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எக்ஸும் ஒவ்வொரு ஒன்பதும் கட்டத்தின் நடுவில் விழுந்திருந்தது. புரோகிராமர் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, “இனிமே நான் எதுக்கு?” என்று சிரித்தார். பூஜை முடிந்து விஜயதசமியன்று காலையில் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அவர் அன்றோடு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

பூஜை அன்று சாரின் மனைவி வந்தார்கள். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. ஏசி அறைக்குள் செருப்பே போடக்கூடாது என்று எங்களை விரட்டுகிற சார், அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே போனபோது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அக்கா ஈரத்துணியைப் பிழிந்து மிஷினை ஒரு மூலை விடாமல் அழுத்தித் துடைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு மூன்று பொட்டு, பிரிண்டருக்கு முன்பக்கம் முழுக்கச் சந்தனம், அதன் மேல் குங்குமம். நானும்தான் வாழைக்கன்று கட்டினேன், பொரி கலந்தேன், சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்குப் பூஜைமேல் அன்றைக்கும் கோபமில்லை, இன்றைக்கும் இல்லை. பூஜை போட்டபின் மறுநாள் வரைக்கும் மிஷினைத் தொடக்கூடாது. யாரும் தொடவில்லை.

விஜயதசமி காலையில் நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். நல்ல நேரம் முடிவதற்குள் முதல் வேலை வெளியே போக வேண்டும் என்று சார் பரபரத்தார். பள்ளிக்கூடத்து ஆள் கார்டுகளை வாங்கிப்போக வந்து உட்கார்ந்திருந்தார். நான் ஃபாரத்தை ஏற்றிவிட்டு, “ஒரு அலைன்மெண்ட் பார்த்துடறேன் சார்” என்றேன்.

“அதான் முந்தா நாள் பார்த்தியே?”

“ஓட்டறதுக்கு முன்னாடி எப்பவும் ஒண்ணு பார்க்கணும் சார். ஒரே ஒரு ஃபாரம்தான்.”

“பார்த்துட்டு இன்னா பண்ணுவே?”

“கிழிச்சுப் போட்டுடுவேன்.”

அவர் முகம் மாறிப்போயிற்று. “விஜயதசமி அன்னிக்கு மொத பேப்பரைக் கிழிச்சுக் குப்பையில போடுவியா? வருஷம் பூரா வெளங்குமா? மொத பேப்பர் நல்ல பேப்பரா வரணும். நேரா ஓட்டு.”

“பொத்தானாச்சும் பார்க்கறேன் சார், சந்தனம் மூடியிருக்கு...”

“பொட்டைக் கலைக்காதே!” என்றார். அக்கா கும்பிட்ட கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அங்கே என்ன செய்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ பேர் எனக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் சம்பளம் கொடுக்கிறவர் முன்னால், சூடம் எரிகிறபோது, வெறும் காலோடு நின்றவர்கள் இல்லை.

மிஷின் ஓடத் தொடங்கியது. முதல் கார்டின் தலைப்பகுதி மேலே வந்தபோது, பெயர் பளிச்சென்று தெரிந்தது. சார் அதைப் பார்த்துக் கும்பிட்டார். உடனே கேசரித் தட்டை என் கையில் கொடுத்து, “கீழ கடைங்களுக்கெல்லாம் குடுத்துட்டு வாம்மா” என்றார். அடுத்த நிமிஷம் புரோகிராமர் ஆகப்போகிறவளும் பெண்தானே, தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மருந்துக்கடை, சைக்கிள் கடை, தையல்காரர் என்று எல்லோரிடமும் நின்று இரண்டு வார்த்தை பேசி வர வேண்டியிருந்தது. திரும்பி மேலே வந்தபோது எல்லாம் அடித்து முடித்து, பிரித்து, மஞ்சள் நூலால் கட்டி, மேலே குங்குமம் வைத்துப் பள்ளிக்கூடத்து ஆள் கையில் கொடுத்தாகிவிட்டது.

“ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துடறேன்” என்றேன்.

“கட்டினதைப் பிரிக்காதம்மா, ராகு காலம் வந்துடும்” என்றார் சார். அந்த ஆள் படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன். சார்தான் உட்காரச் சொன்னார். அக்கா என் தலையில் பூ வைத்தார்கள். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க வேறு வேலை இல்லை.

பள்ளிக்கூடம் திறந்த மறுநாள் மத்தியானமே தலைமையாசிரியை ஆட்டோ பிடித்து நேரில் வந்துவிட்டார். கையில் கார்டுக் கட்டு. மேஜையில் போட்டார். முதல் கார்டு வகுப்பிலேயே முதலாவதாக வந்த பெண்ணுடையது. அதில் அறிவியலுக்கு நேராக ‘1’ என்று இருந்தது.

பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. வரிகள் நெருங்கி மேலே ஏறியிருந்தன. மேலே இருக்கிற பெயருக்கு அது உறைக்கவில்லை, கட்டத்துக்குள்ளேயே இருந்தது. கீழே போகப் போகத் தப்பு பெருகியிருந்தது. கணக்கு மார்க் தமிழ்க் கட்டத்தில். அறிவியல் மார்க் ஆங்கிலத்தில். சமூக அறிவியல் கணக்கில். கீழே வர வேண்டிய ரேங்க் போய் அறிவியல் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. முதல் ரேங்க் வாங்கியவளுக்கு அறிவியலில் ஒரு மார்க். கடைசி ரேங்க் பையனுக்கு நாற்பதைத் தாண்டி. கையில் கார்டு வந்த உடனே பிள்ளைகள் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். ஒரு குழந்தையை அவள் அப்பா விசாரிக்காமலே அடித்திருக்கிறார், மறுநாள்தான் டீச்சரைப் பார்க்க வந்தாராம். தலைமையாசிரியை இதைச் சொல்லிவிட்டுக் கட்டை எங்கள் பக்கம் தள்ளினார்.

நான் எழுந்து பிரிண்டரிடம் போனேன். முன்பக்கத்துச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். குங்குமத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தபோதோ, சந்தனத்தை அப்பியபோதோ உள்ளே போயிருக்கிறது. எட்டு வரி.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மெதுவாகத்தான் சொன்னேன், தலைமையாசிரியைக்குக் கேட்காமல். அவர் பொத்தானைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். என் முந்தானையில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று என்று எனக்குத் தோன்றியது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, “பொட்டு வெச்சதால மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்றியா?” என்றார்.

“மிஷின் கெடலை சார். பொத்தான் அமுங்கியிருக்கு, அவ்வளவுதான்.”

அவர் அந்தம்மாவிடம் திரும்பி, சிரித்த முகத்தோடு, “மன்னிச்சுக்கங்க மேடம். பொண்ணு புதுசு. புரோகிராம்ல தப்பு பண்ணிட்டுது. சாயங்காலத்துக்குள்ள திருத்தி அடிச்சுக் குடுத்துடறோம்” என்றார்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதில் திட்டுக்கூட இல்லை. இதுக்கெல்லாம் ஒரு பொண்ணை வெச்சா இப்படித்தான் என்பது போல இருந்தது.

பொத்தானை வெளியே எடுத்துவிட்டு அதே புரோகிராமை மறுபடி ஓட்டினேன். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. எல்லாம் அந்தந்தக் கட்டத்தில் விழுந்தது. தப்பு இருந்த புரோகிராம் எதையும் திருத்தாமல் எப்படிச் சரியாக ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே.

அக்காவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தவர்கள் என் கன்னத்தைத் தொட்டு, “உம்மேல யாரோ கண்ணு வெச்சுட்டாங்கடி. எனக்கு அப்பவே மனசு சொல்லிச்சு, அதான் மிஷினுக்கு ரெண்டு பொட்டு சேர்த்து வெச்சேன்” என்றார்கள். நான் தலையை ஆட்டினேன்.

சுழல் நாற்காலிக்கு அக்காவின் தம்பி வந்தார். சார் அவரை மச்சான் என்று கூப்பிட்டதால் நாங்களும் எங்களுக்குள் மச்சான் என்றே சொல்வோம். தி.நகரில் ஏதோ ஒரு இடத்தில் கோர்ஸ் முடித்துவிட்டு வந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் வந்ததும் குட்மார்னிங் சொல்வார். நான் பழையபடி ஸ்டூலுக்குப் போனேன். அவர் அடிக்கிற ரிப்போர்ட்டுகளைச் சன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு புரோகிராமின் தொடக்கத்திலும் எழுதியவர் பெயர் என்று ஒரு வரி இருக்கும். அரையாண்டு ரேங்க் கார்டு அடிக்கும்போது பார்த்தேன், அந்த வரியில் என் பெயர் போய் மச்சான் பெயர் வந்திருந்தது. மற்றபடி உள்ளே ஒரு புள்ளியைக்கூட அவர் தொடவில்லை.

வேறு இடங்களில் கேட்காமல் இல்லை. கிண்டியில் ஒரு கம்பெனியில், “புரோகிராமரா எத்தனை வருஷம்?” என்று கேட்டார்கள். எத்தனை நாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டீக்கடையில் அப்பா இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான் அவரைத் திருத்தவில்லை. அதனால் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, ஸ்டேஷனுக்குச் சுற்றுவழியாக நடந்தேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அக்கா வாளியும் துணியுமாக வருவதற்கு முன்னாலேயே சார் ஏசி அறைக்குள் போனார். எதற்கு இத்தனை சீக்கிரம் என்று நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து செல்லோ டேப்பை எடுத்தார். பிரிண்டர் முன்னால் குனிந்து, பொத்தான் வரிசை முழுக்க, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டையாக ஒட்டினார். நகத்தால் ஓரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டார். பிறகு அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, “முன்னாடி வேணாம்மா, மேல மூடிமேல வை” என்று வெகு சாதாரணமாகச் சொன்னார்.

அப்படியானால் ஒரு வருஷமாக அவருக்குத் தெரியும். என்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது, அதனால்தான் நாற்காலி போயிற்று என்று நான் அதுவரைக்கும் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தேகமே இருந்ததில்லை. அன்றைக்குக் கொடுத்த பொரியை நான் வாயில் போடவில்லை.

விஜயதசமி காலையில் அதே பள்ளிக்கூடத்துக் காலாண்டு கார்டுகள். அதே புரோகிராம். மச்சான் சுழல் நாற்காலியில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சூடம் காட்டி முடித்ததும் சார் என்னைப் பார்க்காமல், பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு, “ஒரு அலைன்மெண்ட் பார்த்துடும்மா” என்றார்.

“பார்த்தா முதல் தாளைக் கிழிக்கணுமே சார்” என்றேன்.

“பரவால்ல, கிழி.”

டேப்பை உரித்தேன். பொத்தான் வெளியேதான் இருந்தது. ஒரு ஃபாரத்தை ஓட்டி எடுத்து, சன்னல் கண்ணாடியில் வைத்தேன். எல்லா எக்ஸும் எல்லா ஒன்பதும் கட்டத்தின் நடுவில். ஸ்கேலே தேவைப்படவில்லை. தாளை எடுத்து, அவருக்கு முன்னால் நின்று, நிதானமாக நான்காகக் கிழித்துச் சரஸ்வதி படத்துக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையில் போட்டேன். அக்கா ‘ஐயோ’ என்று வாயில் கை வைத்தார்கள். சார் அவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“கரெக்டா இருக்காம்மா?” என்றார்.

“போன வருஷமும் கரெக்டாத்தான் சார் இருந்தது” என்றேன்.

அவர் கேசரித் தட்டை எடுத்து, கீழே கடைகளுக்குக் கொடுக்கச் சொல்லி என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.